பதினேழாம் எண் வீட்டின் கண்

காலை ஐந்தரைக்குப் பல் டாக்டர் எழுந்தார். பல் துலக்கினார். காபி குடித்தார். பூவாளியில் தண்ணீர் பிடித்தார். மனைவியின் துப்பட்டாவால் இரண்டு கண்களையும் இறுகக் கட்டிக்கொண்டார். சுவரைத் தடவியபடி இருபத்திரண்டு படி ஏறி மொட்டை மாடிக்குப் போனார். பன்னிரண்டு தொட்டிகளுக்கு உத்தேசமாகத் தண்ணீர் விட்டார். மூன்று தொட்டிகளுக்குக் கிடைத்தது. மீதி அவர் காலுக்குக் கிடைத்தது. கீழே வந்து கட்டை அவிழ்த்து, சட்டை மாற்றி, கிளினிக்குக்குக் கிளம்பினார்.

ஒன்பது நாளாக இப்படித்தான். டாக்டருக்கு மூளையில் கோளாறு எதுவும் இல்லை. படித்தவர். சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. அந்தத் தெருவில் முப்பத்திரண்டு வீடுகள். இருபத்தேழு வீடுகளில் அன்று காலை இதே கூத்துதான். தையல்காரர் வாளியோடு உருண்டு முழங்கையைப் பெயர்த்துக்கொண்டார். ரொட்டிக்கடைக்காரர் பக்கத்து மாடியில் காயப்போட்டிருந்த மெத்தைக்கு நான்கு நாளாகத் தண்ணீர் விட்டிருக்கிறார். மெத்தை துளிர்க்கவில்லை.

எல்லாம் இலைநாடியார் அருள்.

அவர் வருவதற்கு முன்னால் தெருவின் தோட்டக்காரர்கள் சுகமாகத்தான் இருந்தார்கள். ஞாயிறுதோறும் நூலகத்துக் கூடத்தில் கூடுவார்கள். ஒருவர் வீட்டில் மிஞ்சிய நாற்று இன்னொருவர் வீட்டுக்குப் போகும். மாத்திரைக் கவரில் விதை கைமாறும். ஒரே ஒரு பாகற்காய் முப்பது கை மாறி, முப்பது பாராட்டும் வாங்கிக்கொண்டு, சூடாக வீடு திரும்பும். தையல்காரர் டேப்பால் சுரைக்காயை அளந்து இஞ்சுக் கணக்கை அறிவிப்பார், கூடம் கைதட்டும். கொடுக்கும் ஒவ்வொரு செடியிலும் ஓர் ஐஸ் குச்சி செருகியிருக்கும். குச்சியில் கொடுத்தவரின் வீட்டு எண், கொடுத்த தேதி. செடி வாடினால் அந்த வீட்டுக் கதவைத் தட்டி யோசனை கேட்கலாம். காய்த்தால் முதல் காய் அந்த வீட்டுக்கு.

அதிகக் குச்சிகள் பதினேழாம் எண்ணுக்குத்தான். அது பல் டாக்டரின் தங்கை வீடு. மின்சார வாரியத்தில் மீட்டர் சோதிப்பவள். அவள் கொடுத்த கத்திரி இல்லாத மாடி தெருவில் கிடையாது. சாயங்காலமானால் அண்ணன் மாடிக்கு வருவாள். இருவரும் மொட்டு எண்ணுவார்கள். எண்ணிக்கையில் சண்டை வரும். மறுபடியும் எண்ணுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பச்சைச் சால்வையோடு இலைநாடியார் வந்தார். வாடிய தக்காளிச் செடி ஒன்றின் இலையை, நாடி பார்ப்பதுபோல், இரண்டு விரலால் பிடித்தார். முக்கால் கண்ணை மூடினார். "கண் பட்டிருக்கு. ஒன்பதாம் எண் வீட்டுக் கண்," என்றார்.

கூடம் நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்தச் செடியைக் கொடுத்ததே ஒன்பதாம் எண் ரொட்டிக்கடைக்காரர்தான். வெளியூர்க்காரருக்கு இது எப்படித் தெரியும்? யார் சொன்னது? முக்கால் கண் மூடிய மனிதரின் மீதிக் கால் கண்ணைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

கொடுத்தவர் மனசு செடியோடு கூடவே வந்துவிடும் என்று அவர் விளக்கினார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரே வாரத்தில் கூட்டம் கூடத்தை விட்டு வழிந்தது. பக்கத்துத் தெருக்காரர்கள் டாக்சியில் தொட்டி கொண்டுவந்தார்கள். தொட்டிக்கு ஜன்னலோர இடம். ஒரு போலீஸ்காரர் ரோஜாவைப் பின்னால் உட்காரவைத்து ஹெல்மெட் போட்டு அழைத்துவந்தார்.

பரிகாரம் எளிது. இலைநாடியாரின் காப்பு நீரைத் தெளிக்க வேண்டும். பாட்டில் அவரிடமே கிடைக்கும். வாசலில் ஒரு காப்புச் செடி வைக்க வேண்டும். அதுவும் அவரிடமே கிடைக்கும். கண் கழியும்வரை செடியை யாரும் பார்க்கக் கூடாது. சொந்தக்காரர் கண்ணும் கண்தானே? ஆகவே கண்கட்டு. செடிகளுக்குத் துணி போர்த்தியாக வேண்டும். மிளகாய்ச் செடி பைஜாமா போட்டுக்கொண்டது. ரோஜா ஸ்வெட்டருக்குள் போனது. தையல்காரர் தொட்டிக்குத் தொட்டி அளவெடுத்துக் கோட்டு தைத்தார்; இரண்டு அவரைக்கொடிகள் காலர் கேட்டதாகக் கேள்வி.

வெயில் படாமல் இலைகள் வெளுத்தன. பார்த்தீர்களா, கண்ணின் கொடுமை, என்றார் இலைநாடியார். துணி கனமாயிற்று.

வெளுத்த செடிகளையெல்லாம் அவர் நாடி பார்த்தார். பத்துக்கு ஏழு செடியில் பதினேழாம் எண் வந்தது. ஊருக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தவள் ஊரையெல்லாம் பொசுக்கியவள் ஆனாள். அவள் மாடிப்படி ஏறினால் எதிர்வீடுகளில் ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்டது. டாக்டர் ஒன்பது நாளாகத் தங்கையை மாடியில் ஏற்றவில்லை. அவர் தோட்டக்காரர் சங்கத்தின் செயலாளர் வேறு. அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் படித்து அவளை விலக்க ஒரு கடிதம் எழுதிப் பையில் வைத்திருந்தார். 'மதிப்பிற்குரிய பதினேழாம் எண் உறுப்பினர் அவர்களுக்கு' என்று ஆரம்பித்திருந்தார். கூடப் பிறந்தவள். நாலு தடவை அடித்து எழுதியும் வேறு ஆரம்பம் வரவில்லை.

ஞாயிறு கூட்டம் கூடியபோது இலைநாடியார் வர அரைமணி இருந்தது. டாக்டர் எழுந்து கடிதத்தைப் பிரித்தார்.

"அண்ணே, அத அப்புறம் படி," என்றாள் தங்கை. "மீட்டர் தாறுமாறா ஓடினா நாங்க வீட்டுக்காரரத் திருடன்னு சொல்ல மாட்டோம். முதல்ல மீட்டரச் சோதிப்போம்."

அவள் கேட்டது ரொம்பச் சின்ன விஷயம். நாடி பார்க்கக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருக்கும் செடிகளின் குச்சிகளை இடம் மாற்றிச் செருக வேண்டும். யாரும் அவரிடம் மூச்சு விடக் கூடாது. அவ்வளவுதான்.

தையல்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "மாத்திக்கோம்மா. நல்லா மாத்து. அவரு நாடி பாக்கிறவரு. குச்சியவா பாக்கிறாரு?"

கூடமே சிரித்தது. "அதத்தான் நானும் தெரிஞ்சுக்கணும்," என்றாள்.

சோதனையில் அவர் ஜெயித்தால் சங்கத்தை விட்டுப் போய்விடுவாயா என்று டாக்டர் கேட்டார். போய்விடுகிறேன், அவர் தோற்றால் நீ என்ன செய்வாய் என்று அவள் திருப்பிக் கேட்டாள். டாக்டர் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டார். வீட்டுக்குப் போய், வாசலில் தான் வாங்கி வைத்திருந்த காப்புச் செடியைத் தானே தூக்கிவந்து மேஜையில் வைத்தார். தங்கை அதில் பதினேழாம் எண் குச்சியைச் செருகினாள்.

இலைநாடியார் வந்தார். சால்வையைச் சரிசெய்தார். தையல்காரர் விதைபோட்டு வளர்த்த மிளகாய்ச் செடியை முதலில் பிடித்தார். "ஒன்பதாம் எண் கொடுத்த செடி. கண்ணும் அங்கேருந்துதான்."

ரொட்டிக்கடைக்காரர் தையல்காரரைப் பார்த்தார். தையல்காரர் தன் முழங்கைக் கட்டைப் பார்த்துக்கொண்டார்.

அடுத்தது காப்புச் செடி. இலையைத் தொட்டதும் இலைநாடியார் கையை உதறினார். "சுடுது. பதினேழு. கொள்ளிக்கண்ணு. வேரோட பிடுங்கித் தூரப் போடுங்க."

ஆயிரம் பேரை வாயைத் திறக்கச் சொன்ன டாக்டருக்குத் தன் வாயைத் திறக்க நேரமாயிற்று. "அய்யா, இது நீங்க குடுத்த காப்புச் செடி."

இலைநாடியார் அசரவில்லை. தொழில் பழகியவர். தான் கொடுத்தபோது செடி சுத்தமாகத்தான் இருந்தது, பிறகு இந்தப் பெண் பார்த்திருக்கிறாள், காப்பையே எரிக்கும் கண் என்றால் எப்பேர்ப்பட்ட கண் என்று யோசியுங்கள், என்றார். கூடத்தில் பாதிப் பேர் யோசிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். டாக்டரின் கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குப் போயிற்று.

தங்கை கோபப்படவில்லை. ரொம்பச் சரி, கடைசியாக இதையும் பார்த்துவிடுங்கள் என்று ஒரு துளசித் தொட்டியை நகர்த்தினாள். தொட்டியில் அவளே எழுதிச் செருகிய புதுக் குச்சி ஒன்று இருந்தது.

இலைநாடியார் பிடித்தார். முக்கால் கண்ணை மூடினார். கால் கண்ணால் வேலை பார்த்தார். "நாற்பதாம் எண் வீடு," என்றார். "பெண். குள்ளமா இருப்பா. உங்க எல்லார் மேலயும் வயித்தெரிச்சல்."

ரொட்டிக்கடைக்காரர் எழுந்து மரியாதையாகக் கேட்டார். "எங்க தெரு முப்பத்திரண்டோட முடியுது அய்யா. அதுக்கப்புறம் குப்பைத்தொட்டிதான். அந்தம்மா அதுலயா குடியிருக்காங்க?"

போலீஸ்காரர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் கூடத்தைப் பிடிக்க முடியவில்லை. நாற்காலிகள் கவிழ்ந்தன. ஒருவர் நாற்பதாம் எண்ணுக்கு வாடகை எவ்வளவு என்றார். தையல்காரர் அந்தக் குள்ள அம்மாளுக்கு ஜாக்கெட் அளவு கேட்டார். இலைநாடியார், அடுத்த தெருவில் ஒரு முருங்கை மயக்கம் போட்டுவிட்டதாகச் சொல்லிப் பின்வாசல் வழியே போனார். போலீஸ்காரர், மயங்கிய முருங்கைக்குத் துணையாக, அவர் பின்னாலேயே போனார். விட்டுப்போன காப்பு நீரைத் தையல்காரர் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். எங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரேதான், துருவாசனைகூட அப்படியே இருக்கிறது என்று சாட்சி சொன்னார்.

டாக்டர் கடிதத்தை எடுத்தார். நான்காக மடித்தார். ஒரு காலித் தொட்டியின் அடி ஓட்டையை அதை வைத்து மூடி, மேலே மண் போட்டார். தங்கை அவர் கையிலிருந்து தொட்டியை வாங்கி, ஒரு கத்திரி நாற்றை நட்டுத் திருப்பிக் கொடுத்தாள். குச்சி செருகினாள். பதினேழு.

"சாயங்காலம் மாடிக்கு வர்றியா?" என்றார்.

"துணியெல்லாம் எடுத்துட்டீன்னா வர்றேன். பாவம், புழுங்கும்."

கதை இத்தோடு முடிந்திருக்கலாம். முடியவில்லை. ஜனங்களுக்கு இலைநாடியார் உட்கார்ந்த நாற்காலி காலியாக இருப்பது பொறுக்கவில்லை. யாரோ அதைத் துடைத்தார்கள். யாரோ தங்கையின் தோளைப் பிடித்து அதில் உட்காரவைத்தார்கள். அம்மா சொன்னால் சரியாக இருக்கும் என்றார் ரொட்டிக்கடைக்காரர். எத்தனை நாளைக்கு ஒருமுறை, எந்தத் திசை பார்த்து, எந்தக் கையால் தண்ணீர் விட வேண்டும் என்று அம்மாவே சொல்லட்டும் என்றார் தையல்காரர். தொட்டியும் கையுமாக ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள். வாசல் தாண்டி வளைந்தது வரிசை. முதல் ஆளாக, வெளுத்த தக்காளிச் செடியோடு, பல் டாக்டர் நின்றார்.

அவள் எழுந்து நாற்காலியை மடக்கிச் சுவரில் சாத்தினாள்.

"கலைஞ்சு நில்லு அண்ணே, எல்லாரையும் கலைஞ்சு நிக்கச் சொல்லு. வரிசையில நின்னா முன்னாடி நிக்கிறவர் முதுகு மட்டும்தான் தெரியும்."