உறுதிப்படுத்தப்பட்ட தண்ணீர்த் தடை

கிள்ளானில் ஓர் அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில் குடியிருந்த லோகேஸ்வரியின் மகனுக்கு அம்மை போட்டு இறங்கியிருந்தது. மறுநாள் காலையில் வேப்பிலை போட்டுத் தலைக்குத் தண்ணி ஊற்ற வேண்டும். பிள்ளை ஒரு வாரமாக உடம்பைச் சொறிந்துகொண்டு குளியலறைக் கதவையே பார்த்துக்கொண்டு கிடந்தான்.

லோகேஸ்வரி நாலு பேர் நடுவில் வாய் திறக்கிறவள் இல்லை. ஆனாலும் பெற்ற வயிறு கேட்குமா? துணிந்து, குடியிருப்பின் வாட்ஸ்அப் புலனக் குழுவில் எழுதிவிட்டாள்: "நாளைக்குப் பிள்ளைக்குத் தண்ணி ஊத்தணும். தண்ணி கட் ஒன்னும் இல்லதானே?"

குழுத் தலைவர் பழனியப்பன் பொதுச்சேவையில் ஊறியவர். ஒரு செய்தியை முழுக்கப் படித்துக்கொண்டிருந்தால் சேவை தாமதமாகும் என்பது அவர் கொள்கை. 'நாளைக்கு', 'தண்ணி கட்' இரண்டும் கண்ணில் பட்டதுமே கடமை அவரை அழைத்தது. "நாளைக்குத் தண்ணி கட். உறுதிப்படுத்தப்பட்ட தகவல்" என்று தாம் இருந்த எல்லாக் குழுக்களுக்கும் தட்டிவிட்டார்.

அதைப் பார்த்து, பூச்சோங்கில் ஷாமினி என்ற டிக்டாக் பிரபலம் காலி வாளியைத் தலையில் கவிழ்த்து ஆடினாள். ஆட்டத்தைப் பார்த்து ஒரு வானொலி மழைப் பாட்டாகப் போட்டது. வானொலியைக் கேட்டு ஒரு நாளிதழ் எழுதியது. நாளிதழைப் பார்த்து ஒரு தொலைக்காட்சி வாசித்தது. தொலைக்காட்சியைப் படம் பிடித்துப் பழனியப்பன் மறுபடி குழுவில் போட்டார்: "நான் அப்பவே சொன்னேன் லா!" ஊடகங்கள் எல்லாம் ஒன்றாகிவிட்டன என்று படித்தவர்கள் பேசிக்கொள்வது இதைத்தான் போலும்.

"அது நான் கேட்ட கேள்விங்க" என்று லோகேஸ்வரி குழுவில் எழுதிப் பார்த்தாள்.

"வதந்தி பரப்பாதீங்க சிஸ்டர்" என்று பதில் வந்தது.

கடைசியில் தண்ணீர் அலுவலகத்துக்கே போன் போட்டாள். எடுத்தவர் மக்கள் தொடர்பு அதிகாரி கமலநாதன்.

"சார், நாளைக்குத் தண்ணி கட்டா?"

"எங்க கம்ப்யூட்டர்ல இல்லம்மா."

"அப்ப இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க சார்."

"எப்படிம்மா சொல்றது? வானொலி, பேப்பர், டிவி, டிக்டாக், நாலும் கட்டுன்னு சொல்லுது. எங்ககிட்ட இருக்கிறது ஒரே ஒரு கம்ப்யூட்டர்."

"சார், அது எல்லாமே நான் எழுதினதுலேருந்துதான் வந்துச்சு."

"நீங்க எந்த ஊடகம்?"

"மூனாவது மாடி சார்."

"ஃபாலோவர்ஸ் எத்தனை பேரு?"

"என் வீட்டுக்காரரு... அப்புறம் என் தங்கச்சி."

"அப்ப உங்களை ஆதாரமா ஏத்துக்க விதி இடம் குடுக்காதும்மா. செய்தியை மறுக்கணும்னா மேலிடத்துல மூனு கையெழுத்து வாங்கணும். உறுதிப்படுத்தறதுக்கு யாரையும் கேக்க வேணாம்."

பொதுமக்கள் குழம்பிவிடக் கூடாது என்ற உயர்ந்த நோக்கத்தோடு, அலுவலகம் அன்று மதியமே உறுதிப்படுத்தியது.

பிறகு கேட்கவா வேண்டும்? வாளி, அண்டா, மீன் தொட்டி, சோற்றுப் பானை என்று ஊரே பிடித்தது. சில வீடுகளில் பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தலும் தப்பவில்லை. அதிகாரி வாயாலேயே உண்மையைக் கேட்டிருந்த லோகேஸ்வரி மட்டும், இல்லாத தடைக்கு எதற்கு என்று சும்மா இருந்தாள்.

பொழுது சாய்வதற்குள் மொட்டைமாடித் தொட்டி வறண்டது. காலையில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. "அறிவித்தபடியே தடை ஏற்பட்டதில் பெருமை கொள்கிறோம்" என்று அலுவலகம் அறிக்கை விட்டது.

வேப்பிலை வாடிக்கொண்டிருந்தது. பிள்ளை அழுதான். லோகேஸ்வரி வெட்கத்தை விட்டு, வெறும் வாளியோடு எதிர் வீட்டு இராஜம்மா கதவைத் தட்டினாள். அந்த வீட்டில் நடக்க இடமில்லை. எங்கு பார்த்தாலும் தண்ணீர்.

"என்னடி நீ, நியூஸே பாக்கிறதில்லையா?" என்று திட்டிக்கொண்டே இராஜம்மா வாளியை நிரப்பினாள். "எங்க கோயில் குரூப்புல நேத்தே வந்துருச்சே! யாரோ ஒரு புண்ணியவதிதான் முதல்ல கண்டுபிடிச்சாளாம். அவ மட்டும் சொல்லலன்னா, இன்னிக்கு நம்ம எல்லார் கதியும் என்ன ஆயிருக்கும், சொல்லு?"

"ஆமாங்க அக்கா" என்றாள் லோகேஸ்வரி.