முப்பது நொடி மனைவி

வீட்டை விட்டு விளம்பரத்தை விரட்டியே தீருவது என்று வார்சித்தோ சபதம் எடுத்தார். எடுத்தது இந்தோனேசியாவின் சலத்திகா ஊரில், மரவள்ளிக்கிழங்கு வறுவல் தட்டின் முன்னால் உட்கார்ந்து.

மகள் கல்யாணமாகி பாத்தாம் தீவுக்குப் போன பிறகு வீட்டில் இரண்டே பேர். அதிலும் அவர் மனைவி லஸ்மினி, போனில் ஓடும் கொரியத் தொடருக்குள்ளேயே குடியிருந்தாள். நடுவில் விளம்பரம் வந்தால் மட்டும் முப்பது நொடி வெளியே வருவாள்.

"முட்டி வலி எப்படிங்க இருக்கு?"

"அத ஏன் கேக்குற! நேத்து மாடிப்படி ஏறுறப்ப..."

"இருங்க, ஆரம்பிச்சிருச்சு."

பேச்சில் மாடிப்படி ஏறியவர் மூன்று நாளாகியும் இறங்கவே இல்லை.

அவர் யோசித்தார். விளம்பரத்தை ஒழித்தால் தொடர் சீக்கிரம் முடியும். மிச்ச நேரமெல்லாம் நமக்கு! உடனே வேறு பிரவுசர் தேடக் கிளம்பினார். ஒன்றைப் போட்டால் போன் தோசைக்கல் மாதிரி சுட்டது. இன்னொன்று சம்பந்தி வீட்டார் மாதிரி ஆயிரம் கேள்வி கேட்டது. மூன்றாவதுதான் விளம்பரத்தை வாசலிலேயே மடக்கியது. அதை இருவர் போனிலும் போட்டார்.

"அட, என் ராசா!" என்றாள் லஸ்மினி. முப்பத்தோரு வருஷத்தில் முதல் ராசா.

தொடர் சீக்கிரம்தான் முடிந்தது. அடுத்த தொடர் அதைவிடச் சீக்கிரம் ஆரம்பித்தது. ஒரு வாரம் அவள் தலையே நிமிரவில்லை. வார்சித்தோ சுவர்ப்பல்லியிடம் முட்டி வலியைச் சொல்லிப் பார்த்தார். அதுவும் பாதியில் எழுந்து போய்விட்டது.

பொறுக்க முடியவில்லை. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, அவள் போனில் பழைய பிரவுசரையே வைத்துவிட்டார். தலைவாரி, சட்டை மாற்றி, எதிரே வந்து உட்கார்ந்தார்.

விளம்பரம் வந்தது. லஸ்மினி நிமிர்ந்தாள்!

"ஏங்க..."

"சொல்லும்மா, சொல்லு!"

"நான் குளிக்கும்போது என் போனை நோண்டினீங்களா?"

"நானா? சேச்சே! அது... தானா மாறியிருக்கும்."

"அப்படியா? உங்களுது மாறலையே. கொண்டாங்க இங்க."

அவர் போனைப் பிடுங்கிக்கொண்டு, தன்னுடையதை அவர் கையில் திணித்தாள். அங்கே கதாநாயகன் மழையில் நனைய ஆரம்பித்தான். அவளும் போய்ச் சேர்ந்துகொண்டாள்.

இங்கே கையிலிருந்த போனில், ஷாம்பு விளம்பரத்துப் பெண் கூந்தலை ஒதுக்கிக்கொண்டு சிரித்தாள். "இன்னிக்குப் பொழுது எப்படிப் போச்சு?"

வார்சித்தோ போனைக் கொஞ்சம் கிட்டத்தில் பிடித்துக்கொண்டார்.

"ஏதோ போச்சும்மா," என்றார்.