சனிக்கிழமைக் கூலர்

"கூலரைப் போடுங்கோ மாப்பிள்ளை, வேர்த்துக் கொட்றது" என்றார் வெங்கட்ராமன்.

வைத்தி அவசரமாக ஒரு செய்தித்தாளை மடித்து அவருக்கு விசிறினான். மாமனாராகப் போகிறவர், கிட்வாய் நகரிலிருந்து தலைநகரின் மே மாத வெயிலில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, முனிர்கா மொட்டைமாடி அறையில் உட்கார்ந்திருக்கிறார். மகள் சுஜாதாவைக் கொடுக்குமுன் பையன் இருக்கும் இடத்தை ஒருதரம் பார்த்துவிட வேண்டுமாம்.

முந்தின நாள் சனிக்கிழமை. சனிக்கிழமை என்றால் அறையில் ரம். வைத்திக்கு அந்த வாடையே ஆகாது. ஆனால் கூட இருக்கும் சிவகுமாரும் இளஞ்செழியனும் கிளாஸை ஏந்தும்போது, தான் மட்டும் மாட்டேன் என்றால் ஆண்பிள்ளை என்று மதிப்பார்களா? அதனால் காற்று வாங்குகிற சாக்கில் கிளாஸோடு வெளியே போவான். பக்கத்து அறைக்காரர்களின் துணிக்கொடியை ஒட்டி, தங்கள் ஜன்னலுக்கு வெளியே நிற்கும் கூலரின் தண்ணீர்த் தொட்டியில் அதைக் கவிழ்த்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டே திரும்புவான். ராத்திரி பூராவும் கூலர் ரம் காற்று வீசும். நல்லவேளை, மற்ற இருவரும் அதைப்பற்றி வாயே திறந்ததில்லை.

"கூலர் ரிப்பேர் மாமா."

"என்ன ரிப்பேர்? முப்பது வருஷமா எலெக்ட்ரிகல் செக்‌ஷன்ல குப்பை கொட்டறேன். நான் பார்க்கறேன்."

அவர் ஸ்விட்சைத் தொட்டதுதான் தாமதம், பாழாய்ப்போன கூலர் உறுமிக்கொண்டு கிளம்பியது. வெங்கட்ராமனின் மூக்கு விடைத்தது.

"என்ன வாடை இது?"

"கூலர் தட்டியில புது வெட்டிவேர் மாமா."

"வெட்டிவேர் வாசனை எனக்குத் தெரியாதா?"

வைத்தி தடாலென்று கட்சி மாறினான். "நான் தொட்டதே இல்லை மாமா. கூட இருக்கற ரெண்டு பேரும் மொடாக்குடியன்கள். சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன்."

காய்கறிப் பையோடு வாசலில் நின்ற இருவரும் அதைக் கேட்டுவிட்டார்கள்.

"யாருடா மொடாக்குடியன்?" என்று சீறினான் சிவகுமார். "சார், நேத்துகூட முதல்ல கிளாஸைக் காலி பண்ணினது இவன்தான்."

"ஒரே மூச்சுல அடிப்பான் சார். பாத்தா எங்களுக்கே பயமா இருக்கும்" என்றான் இளஞ்செழியன்.

வெங்கட்ராமன் செருப்பை மாட்டிக்கொண்டார். "தட்டு மாத்தறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுது. பெருமாள் காப்பாத்தினார்."

வைத்தி தெருமுனைவரை ஓடினான். ஆட்டோ போய்விட்டது. அதோடு சுஜாதாவும் போய்விட்டாள். குடித்துக் கெட்டவன் ஊரெல்லாம் உண்டு. குடிக்காமலே கெட்டவன் அவன் ஒருவன்தான். மாடியேறி வந்தவன் கூலரை எட்டி உதைத்தான். கால்தான் வலித்தது. அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதான்.

"நான் ஒரு சொட்டு குடிச்சதில்லைடா! ஒவ்வொரு தடவையும் இதுலதான்டா ஊத்தினேன்!"

சிவகுமார் வானத்தைப் பார்த்தான். இளஞ்செழியன் பையிலிருந்த வெண்டைக்காயைப் பார்த்தான்.

கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து அறை ராஜாத்தி திரும்பினாள்.

"அதுக்கு நீ மட்டும் ஏன் தம்பி அழுவுற? அவங்க ரெண்டு பேரும் அதுலதானே ஊத்துறாங்க!"