விதி ஒன்பதும் துர்சுனாயின் சமோவாரும்

ஜங்காக்சாய்,
அக்டோபர் 11

பிஷ்கெக் நகரத்தில் அமர்ந்து காடுகளுக்கும் காட்டுக்குள் நுழையும் மனிதர்களுக்கும் விதி எழுதும் பொறுப்பிலிருக்கும் என் மைத்துனர், மதிப்புக்குரிய தெமிர்குல் அவர்களின் மேலான சமுகத்துக்குத் தங்கள் அக்காள் கணவனும் ஓய்வுபெற்ற பூகோள ஆசிரியனுமான கல்முராத் எழுதிக்கொண்டது. ஆடுமாடும் உயிர்களும் சுகமா என்று கேட்டுத் தொடங்குவதே நம் வழக்கம். ஐந்தாவது மாடியில் தங்களுக்கு ஆடுமாடு இல்லாதபடியால், காரும் உயிர்களும் சுகமா என்று கேட்டுக்கொள்கிறேன். இங்கே தங்கள் அக்காள் அனார்கானுக்கு முழங்கால் வலி தவிர வேறு குறையில்லை. பசு சுகம். நான் சுகமில்லை. அதற்குக் காரணம் தாங்கள்.

தாங்கள் இயற்றிய தீப் பாதுகாப்பு மற்றும் பருவகாலப் பார்வையாளர் விதிகள் நாற்பத்தொன்றும் மே மாதம் இங்கே வந்துசேர்ந்தன. கூடவே ஒரு சிவப்புக் கைப்பட்டை, ஒரு விசில், ஒரு நோட்டுப் புத்தகம், என்னைத் தன்னார்வத் தீக் கண்காணிப்பாளராக நியமித்து ஓர் உத்தரவு. அதில் என் ஆர்வம் எதுவும் இல்லை. வீட்டில் உட்கார்ந்தே உயிரை வாங்குகிறார், ஏதாவது வேலை கொடு தம்பி என்று தங்கள் அக்காள் போனில் அழுதாளாம். இந்த வயதில் நான் விசில் ஊத வேண்டியதானது அப்படித்தான். இருந்தாலும் முப்பத்தெட்டு வருஷம் அரசாங்கச் சம்பளம் வாங்கியவன், உத்தரவென்று வந்தபின் அதைச் செய்யாமல் இருக்கத் தெரியாது. கைப்பட்டையை மாட்டிக்கொண்டு காட்டுக்குப் போனேன். போனவுடனே விதி மூன்றில் தடுக்கி விழுந்தேன். ஜூன் முதல் தேதியிலிருந்து முதல் பனி விழும் வரை காட்டுக்குள் ஒரு நாளுக்கு மேல் தங்குகிறவர் பருவகாலப் பார்வையாளர், அவர் வன அலுவலகத்தில் சீட்டு வாங்க வேண்டும் என்கிறது அது. எங்கள் ஊரே காட்டுக்குள்தான் இருக்கிறது என்பது தங்களுக்கு மறந்துபோயிருக்காது, தாங்கள் பிறந்ததும் இங்கேதான். ஆக ஜூன் முதல் தேதி காலையில் ஊரே பார்வையாளராகக் கண் விழித்தது. வன அலுவலகம் முப்பத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, செவ்வாயும் வியாழனும்தான் திறக்கும், போகிற வழி முழுக்கக் காடு. சீட்டில்லாமல் காட்டுக்குள் போகக்கூடாது, காட்டுக்குள் போகாமல் சீட்டு வாங்க முடியாது. கொட்டிலை விட்டு ஓடிய பசுவைத் தேடிப் போன தங்கள் அக்காளை நானே தடுத்து நிறுத்தி நோட்டில் பெயர் எழுதிக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு வீட்டில் ரொட்டி மட்டும்தான் கிடைத்தது.

அடுத்ததாகச் சிவப்புப் பலகை. காட்டு முகப்பில் ஒன்றை நட்டு, அதில் மண்வெட்டி, கோடரி, வாளி மாட்ட வேண்டுமென்று விதி. அடிப்பக்கம் கூராக இருக்கும் அந்த வாளி தரையில் நிற்காது, அதனால் யாரும் திருட மாட்டார்கள் என்று தங்கள் அலுவலகத்தில் யாரோ யோசித்திருக்கிறார். மூன்றாம் நாளே காணோம். எங்கள் பெண்களுக்குத் தயிரை வடிகட்டித் தொங்கவிட அதைவிட வசதியான பாத்திரம் அதுவரை அமைந்ததில்லையாம். விசாரித்து மீட்டுக் கொண்டுவந்தேன். இனி எதுவும் காணாமல் போகக்கூடாதென்று வன அலுவலகத்தார் வந்து மண்வெட்டி, கோடரி, வாளி மூன்றையும் பலகையோடு சேர்த்துக் கம்பியால் கட்டி ஈய முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள். முத்திரையை உடைக்க எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும்.

இப்போது துர்சுனாய் விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வீடு, கணவர் போன பிறகு தனியாகவே வால்நட் மரங்களைப் பார்த்துக்கொள்கிறவள், சிறு வயதில் உங்களை ஓடையிலிருந்து இழுத்துப் போட்ட அதே துர்சுனாய்தான். மேல் சரிவில் அவளுக்குக் குத்தகைக்கு விட்ட நாற்பது மரங்கள்தான் அவள் குளிர்காலப் பிழைப்பே. ஆகஸ்டில் புல்லறுக்கப் போனவள் அங்கேயே கூடாரம் போட்டு, தேநீருக்கு வெந்நீர் கொதிக்கவைக்கும் சமோவாரைப் பற்றவைத்தாள். விதி ஒன்பதின்படி திறந்தவெளித் தீ கூடாது. விசிலை ஊதிக்கொண்டு மேலே ஏறினேன். போய்ச் சேர்ந்தபோது எனக்கு மூச்சு வாங்கியதால் அவளே ஒரு கிண்ணம் தேநீர் கொடுத்தாள். குடித்துவிட்டு விதியைப் படித்துக் காட்டினேன். சமோவாரின் தீ உள்ளேதானே இருக்கிறது, புகை போகக் குழாய் வேறு இருக்கிறது, இது திறந்த தீயா மூடிய தீயா என்று கேட்டாள். எனக்கும் சந்தேகம் வந்ததால் வன அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டேன். மின்சாரச் சமோவாருக்குத் தடையில்லை என்று பதில் வந்தது. மேல் சரிவில் மின்னல்தான் உண்டு, மின்சாரம் கிடையாது. பார்வையாளர் சீட்டைப் பற்றியும் சொன்னேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"என் மாமியாரோட மாமியார் வந்து பாத்தாங்க, என் மாமியார் வந்து பாத்தாங்க, இப்ப நான் பாத்துட்டு இருக்கேன் வாத்தியாரே. நாங்க எல்லாம் பார்வையாளர்னா வீட்டுக்காரங்க யாரு? எப்ப வருவாங்க?"

அவர்கள் காரில் வந்தார்கள். சனி ஞாயிறானால் நகரத்திலிருந்து கம்பியும் கறியும் கரியுமாக வண்டி வண்டியாக வந்து இறங்கினார்கள். சீட்டு எங்கே என்று கேட்டால், தெமிர்குல் அண்ணன் எங்களுக்குச் சொந்தக்காரர் என்பதுதான் எல்லோரிடமும் இருந்த சீட்டு. எனக்குத் தெரியாமல் என் மனைவியின் குடும்பத்தில் அறுபத்துநான்கு மாமன் மகன்கள் இருந்திருக்கிறார்கள். அத்தனை பேரையும் விட்டேன். விடாமல் என்ன செய்வேன், உண்மையான சொந்தம் ஒன்று அதில் கலந்திருந்தால் யார் பேச்சு வாங்குவது? அவர்கள் பெயரை நோட்டில் எழுதவுமில்லை. துர்சுனாயின் சமோவாரை மட்டும் தேதி போட்டு, நேரம் போட்டு எழுதினேன். ஒன்பது முறை. எழுதிக்கொள்ளுங்கள் என்று ஒவ்வொரு முறையும் அவளே தேநீரும் ஊற்றிக் கொடுத்தாள்.

செப்டம்பர் கடைசியில், ஊரே கூடாரங்களோடு காட்டுக்குள் குடியேறிக் காய் உலுக்கிக்கொண்டிருந்த நேரத்தில், விதிகள் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்க்க உங்கள் ஆய்வுக் குழு வந்தது. தலைவர் பக்காசொவ், கூட மூன்று பேர், இரண்டு ஜீப். நாலு பேருக்கும் பார்வையாளர் சீட்டு கிடையாது. நான் கேட்கவுமில்லை. சிவப்புப் பலகையைப் பார்த்து முத்திரை உடையாமலிருப்பதற்காக என்னைப் பாராட்டினார்கள். பிறகு, தீப் பாதுகாப்பு எப்படியிருக்கிறது என்று காட்டுக்குள் போய்ப் பார்த்தால்தான் தெரியும் என்று பக்காசொவ் சொன்னார். அதைப் பார்க்க ஓர் ஆடு தேவைப்பட்டது. ஊரார் கொடுத்தார்கள். மேல் சரிவின் அடிவாரத்தில், துர்சுனாய் அறுத்துக் குவித்த வைக்கோல் போருக்குக் கீழே, ஜமுக்காளம் விரிக்கப்பட்டது. கறி கம்பியில் குத்தப்பட்டது. தீ மூட்டப்பட்டது. நான் என் கடமையில் தவறவில்லை. விதி ஒன்பதை வாய்விட்டுப் படித்தேன். மூன்று முறை விசில் ஊதினேன். பெரிய இடத்து மனிதர்களிடம் என்னைப் போன்ற ஏழை வாத்தியாரின் விசில் எம்மாத்திரம்?

மதியத்துக்கு மேல் காற்று திரும்பியது. ஒரு பொறி காய்ந்த புல்லில் விழுந்தது, புல்லில் ஓடியது, வைக்கோல் போரில் ஏறியது. நான் பலகைக்கு ஓடினேன். முத்திரை இருந்தது, அனுமதி இல்லை. முத்திரையைக் கையில் பிடித்துக்கொண்டு பக்காசொவைத் திரும்பிப் பார்த்தால், இரண்டு ஜீப்பும் தூசியைக் கிளப்பிக்கொண்டு போகின்றன. தீயணைப்புத் துறைக்குத் தகவல் சொல்லத்தான் போனோம் என்று பிறகு எழுதியிருக்கிறார்கள். அவ்வளவு அவசரத்திலும் கம்பிகளை மறக்காமல் எடுத்துப் போயிருந்தார்கள். மேலிருந்து துர்சுனாய் கொதிக்கும் சமோவாரை வெறுங்கையால் தூக்கிவந்து புல்லில் கவிழ்த்தாள். அதற்குள் பெண்கள் காய்ச் சாக்குகளை ஓடையில் நனைத்து அடித்தார்கள், ஆண்கள் மரத்திலிருந்து குதித்துவந்து மண்ணை வாரிப் போட்டார்கள், உன் அக்காள் முழங்காலோடு வந்து பால் கேனில் தண்ணீர் சுமந்தாள். ஒன்றரை மணி நேரம். வைக்கோல் போர் போயிற்று, கூடாரம் போயிற்று, நாற்பதில் ஆறு மரம் கருகிப்போயிற்று. அதில் இரண்டு பழைய மரங்கள், பட்டை வெடித்துச் சாறு வழிந்து இன்னும் நின்றுகொண்டிருக்கின்றன. துர்சுனாயின் வலது உள்ளங்கை தோல் உரிந்துவிட்டது.

இதெல்லாம் நடந்ததுகூடப் பரவாயில்லை தெமிர்குல். போன வாரம் ஆய்வுக் குழுவின் அறிக்கை வந்திருக்கிறது. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. தீயின் காரணம்: பருவகாலப் பார்வையாளர் துர்சுனாய் அனுமதியின்றிப் பயன்படுத்திய சமோவார். ஆதாரம்: தன்னார்வத் தீக் கண்காணிப்பாளர் கல்முராத் தம் கைப்பட எழுதிய ஒன்பது பதிவுகள். பரிந்துரை: குத்தகையை ரத்து செய்து, அந்த இடத்தில் முறையான பாதுகாப்போடு பார்வையாளர் ஓய்விடம் அமைப்பது. ஓய்விடத்தில் என்னென்ன இருக்கும் என்று கீழே பட்டியல் இருக்கிறது. கறி சுட ஆறு அடுப்புகள். எங்கள் பாட்டன் காலத்து மரங்களுக்கு நடுவே ஆறு அடுப்பு வைப்பதற்குப் பெயர் தீப் பாதுகாப்பு என்றால், அந்த விதியை எழுதிய பேனாவை நீ எங்கே வாங்கினாய் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். உன் கையெழுத்துக்காக அந்த அறிக்கை இப்போது உன் மேஜையில் இருக்கிறதாம். போடாதே. தவறு முழுக்கப் பக்காசொவ் குழுவினுடையது என்றும், துர்சுனாய் தீயை அணைத்தவள் என்றும், கண்காணிப்பாளர் விதிப்படி நடந்தும் அவர் பேச்சு எடுபடவில்லை என்றும் திருத்தி எழுதச் சொல். கண்ணால் கண்ட சாட்சியாக நான் கையெழுத்துப் போடுகிறேன்.

கடிதத்தை முடிக்கும்போது, உன் வீட்டு அடுப்பில் புகை அறாதிருக்கட்டும் என்று வாழ்த்துவது நம் வழக்கம். அது விதி ஒன்பதுக்கு உட்பட்டதா என்று தெரியவில்லை. ஆகவே, ஜன்னலைத் திறந்துவைத்துக்கொள்ளும்படி வேண்டி, உன் மனைவிக்கும் மக்களுக்கும் நீண்ட ஆயுளும், உன் காருக்கு மேடு பள்ளமில்லாத சாலையும் அமைய வாழ்த்தும்,

உன் அக்காள் கணவன்,
கல்முராத்

பின்குறிப்பு: மேலே உள்ளதைத் தபாலில் சேர்க்குமுன், அவளுக்காக என்னவெல்லாம் எழுதியிருக்கிறேன் என்று காட்டலாமென்று துர்சுனாய் வீட்டுக்குப் போய்ப் படித்துக் காட்டினேன். உன் அக்காளும் வந்திருந்தாள். துர்சுனாய் ஒரு கையில் கட்டும், மறு கை காய்த்தோல் உரித்துக் கறுத்துப்போயுமாக உட்கார்ந்து கடைசி வரை கேட்டாள். நல்லா எழுதியிருக்கீங்க என்றாள். அப்புறம் கேட்டாள்:

"தீ மூட்டப்பட்டதுன்னு எழுதியிருக்கீங்களே வாத்தியாரே, அது தானாவா மூண்டுச்சு?"

உன் அக்காள் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அதுவரை தெரியாது.

நான்தான் மூட்டினேன் தெமிர்குல். பக்காசொவின் ஆட்கள் அரைத் தீப்பெட்டியைத் தீர்த்துவிட்டார்கள், பச்சை விறகு பற்றவில்லை. கறியை ஜீப்பில் திருப்பி ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அன்றைக்குத் தீயே இல்லை, விறகை அப்படி அடுக்கக்கூடாது என்றேன். பக்காசொவ் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "விடுங்க பெரியவரே, புஸ்தகம் படிச்சவங்களுக்கு இதெல்லாம் வராது" என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. மண்டியிட்டேன், காய்ந்த வால்நட் தோலை அடுக்கினேன், காற்றுக்கு முதுகைக் கொடுத்தேன், ஒரே குச்சியில் பற்றவைத்தேன். நாலு பேரும் கைதட்டினார்கள். என் வாழ்நாளில் எனக்கு யாரும் கைதட்டியதில்லை. மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்குக் காற்று சரிவில் மேல்நோக்கி ஏறும் என்று ஏழாம் வகுப்புக்கு வருஷா வருஷம் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்தவன் நான். அன்றைக்கு மணி பார்த்தேன். பார்த்துவிட்டு இன்னும் இரண்டு விறகு வைத்தேன். விதி ஒன்பதை நான் படிக்கவில்லை. விசில் ஊதியது உண்மை, வைக்கோல் போர் பற்றிய பிறகு.

துர்சுனாய் அத்தனையையும் மேலிருந்து பார்த்திருக்கிறாள். பதினைந்து நாளாக ஊரில் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்களே எழுதுவீங்கன்னுதான் இருந்தேன். என்னப் பத்தி ஒன்பது தடவ எழுதுனீங்க. உங்களப் பத்தி ஒரு தடவ எழுத மாட்டீங்களா?"

எழுதிவிட்டேன். முந்தைய பக்கங்களைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுகிறேன் என்றேன். வேண்டாம், தம்பி இரண்டையும் படிக்கட்டும் என்று உன் அக்காள் சொல்லிவிட்டாள். அறிக்கையில் என் பெயரைப் போடு, பக்காசொவ் பெயரைப் பக்கத்தில் போடு, எனக்கு என்ன தண்டனையோ கொடு, அவளுடைய மரங்களைத் தொடாதே.

இதை நான் தபாலில் போடவில்லை. பன்னிரண்டு மணி நேரம் வண்டியில் வந்து இதை உன் கையில் கொடுத்தவள்தான் துர்சுனாய். நீ படித்து முடிக்கும்வரை மேஜைக்கு எதிரே நின்றுகொண்டிருப்பாள். உட்காரச் சொல்.