பாதாம் வந்த நவராத்திரி

மலாக்கா மாநிலத்தில் கொண்டைக்கடலைக்காக உயிரையே கொடுக்கத் துணிந்த மனிதர் ஒருவர்தான் உண்டு. எங்கள் சுண்டல் அண்ணன்! அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம்.

செலண்டாரிலிருந்து எங்களைத் தொழிற்சாலைக்கு ஏற்றிச் செல்லும் வேன் அவருடையது. யாராவது முந்திரிப் பொட்டலத்தைப் பிரித்தால் போதும், சிக்னலில் பச்சை விழுந்தாலும் வண்டி நகராது.

“முந்திரியில பாதி கொழுப்புடா! நல்ல கொழுப்புதான், ஒத்துக்கிறேன். ஆனா நார்ச்சத்துல கடலைகிட்ட நிக்க முடியுமா?”

“அண்ணே, பின்னால லோரிக்காரன் ஹார்ன் அடிக்கிறான்லா!”

“அவனுக்கும் நார்ச்சத்து பத்தல. அதான் கோவம்.”

நவராத்திரி முழுக்க எங்கள் எஸ்டேட் கோயிலில் சுண்டல் அவர் பொறுப்பு. வருஷமெல்லாம் வேன் ஓட்டுவதே அந்த ஒன்பது நாளுக்காகத்தான் என்பார். அவர் தலையில்தான் போன நவராத்திரிக்கு முன் இடி விழுந்தது. டவுன் பக்கம் புக்கிட் பெருவாங்குக்குக் குடிபோய்விட்ட ஓர் அக்கா கோயில் கூட்டத்தில் எழுந்தார்.

“இந்த வருஷம் பாதாம் கொடுப்போம். மூட்டையா நான் வாங்கித் தர்றேன். சுண்டலைவிட சத்து.”

அண்ணன் துள்ளி எழுந்தார். “கடலையிலயும் புரோட்டீன் இருக்கு தங்கச்சி! இரும்பு இருக்கு!”

“காய்ஞ்ச கடலையில இருக்குண்ணே. உங்க சுண்டல்ல பாதிக்கு மேல தண்ணி!”

கூட்டமே சிரித்தது. அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கோயில் தலைவர் முடிவு சொல்லிவிட்டார்: முதல் நாள் பாதாம், ஜனங்களுக்குப் பிடித்தால் ஒன்பது நாளும் அதுதான். மூட்டையை அண்ணன் கையிலேயே கொடுத்தார்கள். பாவம், பிணத்தைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு போனார்.

முதல் நாள் மாலை கோயிலுக்குப் போனால், பழைய அண்டாவிலிருந்து ஆவி பறக்கிறது! எட்டிப் பார்த்தேன். அண்டா நிறையப் பாதாம் தோலுரிந்து, கடுகு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, தேங்காய்ப்பூவோடு பளபளவென்று கிடந்தது.

“ஐயோ அண்ணே! பாதாமை வேக வெச்சிட்டீங்களா?”

“பின்ன? ஊறப்போட்டு, வேகவெச்சு, தாளிக்காம சாமிக்கு எதைக் கொடுக்கிறது?” முகத்தில் துளி விளையாட்டு இல்லை.

அக்காவுக்குத்தான் முதல் கரண்டி. அவர் முகம் சிவந்தது. அதற்குள் பக்கத்தில் ஒரு பொக்கைவாய்ப் பாட்டி, “இன்னும் கொஞ்சம் போடு தம்பி” என்று கையை நீட்டினார். பொய்ப்பல் கட்டிய தலைவரும் நீட்டினார். “பாதாம்னா கல்லுன்னுல்ல நெனச்சேன்! வேக வெச்சா மெல்ல முடியுது!”

அக்கா வாயில் போட்டு மென்றார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். “கூழாங்கல்லைக் கொடுத்தாலும் சுண்டலாக்கிடுவீங்க அண்ணே! நாளையிலேருந்து உங்க கடலையே போடுங்க.”

“உங்க பாதாமையும் ரெண்டு கைப்பிடி கலந்துக்கிறேன் தங்கச்சி. இப்பதான் அதுலயும் தண்ணி ஏறிடுச்சே!”

கூட்டத்தில் முண்டியடித்து வாங்கத் தெரியாதவன் நான். செருப்புப் பக்கமே நின்றுவிட்டு, நைட் ஷிப்டுக்குக் கிளம்ப வெறுங்கையோடு வேனுக்கு வந்தேன். எப்போதும் நான் உட்காரும் சீட்டில் ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்தேன். பாதாம் இல்லை. எனக்கென்று தனியாக வேகவைத்த கொண்டைக்கடலை, இன்னும் சூடாக.