போய் சேந்துட்டாரா?

நாலு பேர் எதிரில் பேசவே கூச்சப்படுகிறவன் நான். பத்தாவது வரைதான் படித்தேன். துணியில் கோடு போடத் தெரிந்தவன் தாளில் எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான், மன்னித்துவிடுங்கள். ஆனால் எங்கள் காஜா அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விழுப்புரத்தில் கிளம்புகிற ஒவ்வொரு பஸ்ஸும் வழியில் கவிழ்ந்துவிடும் என்று மனதார நம்பிய ஒரே மனிதர் அவர்.

நான் வேலை செய்யும் விழுப்புரம் தையல் கடையில் காஜா, அதாவது பட்டன் ஓட்டை, எடுத்துப் பட்டன் கட்டுவது அவர் வேலை. நான் தினமும் திண்டிவனத்திலிருந்து போய் வருகிறவன். சாயங்காலம் வீட்டுப் படி ஏறும்போதே போன் வரும்.

“இன்னாடா, போய் சேந்துட்டியா?”

முதல் நாள் இதைக் கேட்ட என் மனைவி, “விளக்கு வெச்ச நேரத்துல யாருய்யா அது, செத்துட்டியான்னு கேக்கறது?” என்றாள்.

போனவர் தன் வாயால் சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் அண்ணன் நம்பமாட்டார். முகையூருக்குச் சட்டை வாங்கிப்போனவரிடம்கூட, சட்டை போய் சேர்ந்ததா என்று கேட்டிருக்கிறார். முதலாளி பிரஷர் பார்க்க முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, அவர் வீட்டுக்குப் போன் போட்டு, “முதலாளி போய் சேந்துட்டாராம்மா?” என்றார். முதலாளி திரும்பி வந்தபோது வாசலில் பந்தல்காரர் மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்.

அப்பேர்ப்பட்டவரின் ஒரே மகள் நர்ஸ் வேலைக்குக் குவைத் கிளம்பினாள். முதல் விமானப் பயணம். அன்று காலை அண்ணன் ஆண்கள் சட்டைக்கெல்லாம் இடது பக்கம் எடுக்க வேண்டிய காஜாவை வலது பக்கம் எடுத்து வைத்தார். முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

“யோவ், இவர எங்கனா சினிமாவுக்குக் கூட்டிக்கினு போ. பேஜாரா கீது.”

போஸ்டரில் ஒருவர் மனைவி, குழந்தையோடு சிரித்துக்கொண்டிருந்தார். குடும்பப் படம் என்று நம்பினேன். அவர் தலைக்குப் பின்னால் வட்டமாக இருந்தது நிலா என்பது உள்ளே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. அந்தக் காலத்தில் முதன்முதலாக ராக்கெட்டில் போனவர்களில் ஒருவரின் கதையாம், இங்கிலீஷ் படம் தமிழ் பேசியது.

ராக்கெட் கிளம்பியதும் அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார். கடைசியில் அந்த மனிதர் பூமிக்குத் திரும்பும்போது ராக்கெட் நெருப்புப் பிழம்பாக வந்தது. பேச்சு நின்றது. அவர் மனைவி ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“ஏண்டா பேச மாட்டேன்றான்?”

“சிக்னல் இல்லியாம்ணே.”

“பிளேன்லயும் போன ஆஃப் பண்ணிடுவாங்களாமே.”

நான் பதில் சொல்வதற்குள் எழுந்து நின்றுவிட்டார். திரையைப் பார்த்து, “தம்பி, போய் சேந்துட்டியாப்பா?” என்றார்.

பின் வரிசையில் ஒருவன், “உக்காரு பெரிசு. அவரு எப்பவோ போய் சேந்துட்டாரு” என்றான்.

அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன்.

“வயசாகித்தாண்ணே செத்துருப்பாரு. இது பழைய கதைண்ணே.”

“எம்பொண்ணு போன் பண்லடா” என்றார். பாப்கார்ன் மெஷின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அண்ணன் போன் அடித்தது.

“அப்பா, போய் சேந்துட்டேன்.”

“நீயேதான் பேசறியாம்மா?”

“நானேதாம்ப்பா.”

படம் விட்டு வந்தவர்களையெல்லாம் நிறுத்தி, “அவரு வந்து சேந்தாரா?” என்று கேட்டுக்கொண்டு நின்றார். ஒரு அம்மா, “வந்துட்டாருங்க, நல்லாருக்காரு” என்ற பிறகுதான் நகர்ந்தார்.

அன்று சாயங்காலம் நான் படி ஏறும்போது போன் வரவில்லை. மகளோடு பேசிக்கொண்டிருந்திருப்பார். தட்டில் சோறு ஆறியது. நானே கூப்பிட்டேன்.

“அண்ணே, நான் போய் சேந்துட்டேன்.”

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் கடையில், காஜா பக்கம் மாறிப்போன அந்தச் சட்டைகளின் முன்பட்டிகளைப் பிரித்து, வேறு பட்டி வைத்துத் தைத்தோம்.