புகை தெரிந்தது

கேமரா வாங்கியவனைவிட வாங்காதவனுக்குத்தான் கேமராவைப் பற்றி அதிகம் தெரியும். நம்பாதவர்கள் என் அக்கா வீட்டுக்காரர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கலாம். அவர் ஆர்.கே.பேட்டையில் வேர்க்கடலை பயிரிடுகிறவர். ஆனால் உலகத்தில் எந்த மிஷினைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அதில் இல்லாதது எது என்று முதலில் சொல்லிவிடுவார்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நான் ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கினேன். அப்போது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் குழாய் செய்யும் கம்பெனி ஒன்றில் ஃபிட்டர் வேலை. எங்கள் தெருவில் வேறு யாரிடமும் அப்படி ஒரு கேமரா கிடையாது. பிலிம் வேண்டாம், கழுவ வேண்டாம், எடுத்த படத்தை எடுத்த இடத்திலேயே பார்க்கலாம். இதெல்லாம்கூடப் பெரிதில்லை. பெட்டியோடு வந்த புத்தகத்தில் ஒரு படம் போட்டிருந்தான். ஏதோ வெளிநாட்டு ஊர், பொழுது சாய்ந்த நேரம், ஒரு பாலம். ஃப்ளாஷ் போடாமல் எடுத்ததாம். பாலத்தின் மேல் நடந்து போகிறவன் சட்டையின் பட்டன்கூடத் தெரிந்தது. மங்கிய வெளிச்சத்திலும் கண்ணால் பார்ப்பது போலவே படம் விழும் என்று கீழே எழுதியிருந்தது. அச்சடித்துக் கொடுத்தால் நம்பத்தானே வேண்டும்? நம்பக் கூடாது என்றால் எதற்கு அச்சடிக்கிறான்?

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை கலாவுக்கு மீஞ்சூரில் மாப்பிள்ளை அமைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் நிச்சயதார்த்தம். ஸ்டுடியோக்காரருக்குச் சொல்லியிருந்தார்கள். அவரை வரவேண்டாம் என்று நிறுத்தியவன் நான். வீட்டில் இப்படி ஒரு கேமரா இருக்கும்போது ஸ்டுடியோவாம்! (என் அம்மா அப்போதே முணுமுணுத்தார். காதில் விழாதது போல இருந்துவிட்டேன்.)

நிச்சயம் நன்றாகவே நடந்தது. தட்டு மாற்றியது, கலாவுக்குப் புடவை கொடுத்தது, பந்தி என்று எல்லாவற்றையும் எடுத்தேன். ஒரே ஒரு குறை, மாப்பிள்ளையின் அப்பா வரவில்லை. வண்டியிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு மீஞ்சூரில் படுத்திருந்தார். கிளம்பும்போது மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, வர முடியலைன்னு அவரு கண்ணு கலங்கிட்டாரு. போட்டோவையாச்சும் சீக்கிரம் எடுத்தாந்து குடு. பாத்துகினு கெடக்கட்டும்."

நாளைக்கே கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அத்தோடு கேமராவைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. சாப்பிட்டுவிட்டுப் பாயில் சாய்ந்திருந்த மாமா, அதாவது அந்த அக்கா வீட்டுக்காரர், கேமராவை வாங்கி ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். எனக்கும் பாராட்டு கேட்க ஆசைதான்.

"எல்லாம் ஃப்ளாஷ் போட்டுதானே புடிச்ச மச்சான்? ஃப்ளாஷ் போட்டா எவன் புடிச்சாலும் வுழும். வெளிச்சம் கம்மியானா இது வெறும் டப்பா."

பாலத்துப் படத்தை எடுத்துக் காட்டினேன். அது விளம்பரம் என்றார். என் கேமராவை என் வீட்டில், என் சோற்றைத் தின்றுவிட்டு, டப்பா என்கிறார். எப்படி இருக்கும் எனக்கு? பொழுது சாயும்வரை காத்திருந்து வண்டியை எடுத்தேன்.

பாலத்துக்கு எங்கள் ஊரில் எங்கே போவது? எங்களிடம் உயரமாக இருப்பது புகைபோக்கிதான். தொழிற்பேட்டையின் கடைசியில் இரும்பு உருக்கும் ஆலை ஒன்று. பெயர் வேண்டாம். பகலெல்லாம் அதன் புகைபோக்கி பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி அடக்கமாக இருக்கும். பொழுது சாய்ந்த பிறகுதான் சுயரூபம். அதற்குள் கொடியில் கிடக்கும் துணிகளை எடுத்துவிட வேண்டும் என்பது எங்கள் பக்கத்துப் பெண்கள் எல்லோருக்கும் பழக்கம். எடுக்காவிட்டால் வெள்ளைச் சட்டை கறுப்புப் புள்ளிச் சட்டையாகிவிடும். சுற்று வட்டாரத்து ஜனங்கள் இந்தப் புகைக்கு எதிராக மனுமேல் மனுவாகக் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்றைக்கு நான் புகையைப் பார்க்கப் போகவில்லை. வெளிச்சம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்க்கத்தான் போனேன்.

ஆலை வாசலுக்கு எதிரில் வண்டியை நிறுத்தி, சீட்டின் மேல் கேமராவை வைத்து, ஃப்ளாஷை அணைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். அதே நேரத்தில் புகைபோக்கியும் தன் வேலையைத் தொடங்கியது. படம் விழுந்ததா என்று பார்ப்பதற்குள் இரண்டு செக்யூரிட்டிகள் ஓடிவந்து வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். மீசை வைத்தவர்தான் பேசினார்.

"இன்னாபா, இன்னா படம் புடிச்சிகினு கீற?"

"சும்மா டெஸ்ட் பண்றேங்க."

"எத்த டெஸ்ட் பண்ற? பொகையவா? எவன் அனுப்பிச்சான் உன்ன?"

என் மாமா அனுப்பினார் என்றேன். உண்மை அதுதானே? மாமா எந்தக் கட்சி என்று கேட்டார்கள்.

மேனேஜர் அறைக்குக் கொண்டுபோனார்கள். நியாயத்தைச் சொல்ல வேண்டும், அந்த மேனேஜர் தன்மையான மனிதர். உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். கேமராவை வாங்கி முதல் படத்திலிருந்து பார்த்தார். தட்டு, வாழைப்பழம், கலா, மாப்பிள்ளை என்று வரவர அவர் முகம் இளகியது. யார் நிச்சயம், எந்த ஊர் மாப்பிள்ளை என்றெல்லாம் விசாரித்தார். மீஞ்சூர் என்றதும் நல்ல ஊர் என்றார். கடைசிப் படம் வந்தது.

"இது என்னய்யா, ஒரே இருட்டா இருக்கு?"

"அதான் சார் நம்ம பொகபோக்கி," என்றார் மீசைக்காரர்.

"எங்க இருக்கு? கரிச்சட்டி மாதிரி இருக்கு. விசேஷ வீட்டுப் பையன், விடுங்கய்யா." கேமராவை என்னிடம் நீட்டினார். "ஏன் தம்பி, வாங்கினதுதான் வாங்கினீங்க, கொஞ்சம் நல்ல கேமராவா வாங்கியிருக்கக் கூடாதா?"

கதவு திறந்திருந்தது. வண்டிச் சாவி மேஜைமேல் இருந்தது. தலையை ஆட்டிவிட்டு எழுந்து வந்திருக்கலாம். புத்தியுள்ள எவனும் அதைத்தான் செய்வான். ஆனால் ஒரே நாளில் இரண்டு பேர் என் கேமராவைக் குறை சொன்னால் எப்படிப் பொறுப்பது?

"சார், நீங்க சரியா பாக்கல. பெருசு பண்ணிப் பாருங்க. இது நல்ல கேமரா சார். இதோ, மேல பாருங்க, புகை தெரியுது."

நானே பெரிதாக்கிக் காட்டினேன். மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"ஆமா. தெரியுது," என்றார் மெதுவாக.

பாராட்டுகிறார் என்று நினைத்தேன். (அப்படி ஒரு மடையன்.) உற்சாகத்தில் இன்னொரு பொத்தானையும் அழுத்தினேன். படம் எடுத்த தேதியும் நேரமும் அதன் அடியில் வந்து நின்றன. இதுவும் உண்டு சார், என்று சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அவர் கேமராவின் அடிப்பக்கத்தைத் திறந்தார். தபால்தலை அளவு இருந்த மெமரி கார்டை உருவி மீசைக்காரர் கையில் வைத்தார். உலையில் போட்டுவிட்டு வரச் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு மூளை வேலை செய்தது. காலில் விழாத குறை. அந்த ஒரு படத்தை மட்டும் அழித்துவிடலாம், தங்கச்சி நிச்சயம் முழுக்க அதில்தான் இருக்கிறது என்று கெஞ்சினேன். அழித்தாலும் மீட்டெடுக்கலாமாமே தம்பி, பேப்பரில் படித்தேன், என்றார் அந்தத் தன்மையான மனிதர். கேமராவைத் துடைத்து மரியாதையாகக் கொடுத்தார். டீயைக் குடித்துவிட்டுப் போகச் சொன்னார். ஆறிப்போயிருந்தது. குடித்தேன்.

வெளியே வந்து நிமிர்ந்து பார்த்தேன். புகை கருகருவென்று ஏறிக்கொண்டிருந்தது. அதில் எது ஆலையின் புகை, எது கலாவின் நிச்சயதார்த்தம் என்று யார் பிரிப்பது?

வீட்டு வாசலிலேயே மாமா நின்றிருந்தார்.

"இன்னா மச்சான், வுழுந்துச்சா?"

விழுந்ததென்று சொல்வதா, எரிந்ததென்று சொல்வதா? நடந்ததைச் சொன்னேன். அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்தார். கலா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கட்டியிருந்த நிச்சயப் புடவையின் மடிப்பை நீவிக்கொண்டே, "இதுல நான் எப்டி இருந்தேன்னு நானே பாக்கலியேணா," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு உறைத்தது அது ஒன்றுதான்.

மறுநாள் மீஞ்சூருக்கு நான்தான் போனேன். போட்டோ இல்லை, வெறுங்கை. ஸ்டுடியோக்காரரை அழைத்துவந்து, இன்னொரு முறை எல்லோரும் உட்கார்ந்து எடுத்துக்கொள்ளலாம் என்றேன். மாப்பிள்ளையின் அம்மா எழுந்தே விட்டார்.

"தட்ட ரெண்டு தபா மாத்த சொல்றியா? ரெண்டு தபா மாத்துனா கண்ணாலமும் ரெண்டு தபா ஆவும். உன் தங்கச்சிக்கு நீ பேசற பேச்சாபா இது?"

நான் எங்கே இரண்டாவது கல்யாணம் கேட்டேன்? போட்டோதானே கேட்டேன்? கடைசியில் கட்டிலிலிருந்து மாப்பிள்ளையின் அப்பாதான் வழி சொன்னார். தட்டை மாற்ற வேண்டாம், சும்மா பிடித்துக்கொண்டு நில்லுங்கள், அதுவும் இந்த வீட்டிலேயே எடுங்கள், நானும் இருப்பேன் என்றார்.

இன்றும் அந்த ஆல்பம் கலா வீட்டில் இருக்கிறது. இரண்டு சம்பந்தியம்மாக்களும் ஒரே தட்டை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, கொடுக்காமலும் வாங்காமலும், கயிறு இழுக்கும் போட்டியில் நிற்பது போல நிற்கிறார்கள். கலா அதே புடவையில் இருக்கிறாள். நடுவில் மாவுக்கட்டுக் காலை நீட்டிக்கொண்டு மாமனார், எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரிக்கிறார். எரிந்துபோன கார்டில் அந்த மனிதர் ஒரு படத்தில்கூடக் கிடையாது. இதற்காக யாராவது எனக்கு நன்றி சொன்னார்களா? இல்லை.

அதற்குப் பதிலாக ஒரு பட்டம் கிடைத்தது. வீட்டில் நான் எதையாவது அழுத்திச் சொன்னால் போதும், மூலையிலிருந்து மாமா குரல் கொடுப்பார்: "பெருசு பண்ணிப் பாருங்க சார், பொகை தெரியுது." ஒருமுறை எனக்கு நெஞ்சில் சளி கட்டி டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்தபோது, துணைக்கு வந்த மனிதர் அங்கேயும் இதைச் சொன்னார். போன தீபாவளிக்குக் கரண்ட் போனபோது கலாவின் மகள் தன் செல்போனில் இருட்டில் என்னைப் படம் எடுத்துவிட்டு, "மாமா, பொகை தெரியுதா?" என்கிறாள். இது நடந்தபோது அவள் பிறக்கவேயில்லை.

சிரிக்கட்டும். எனக்கு ஒரே ஒரு கேள்விதான். இத்தனை வருஷமாகக் கேட்கிறேன், மாமா உட்பட ஒருவரும் பதில் சொன்னதில்லை. அந்தக் கேமரா வெறும் டப்பா என்றால், அந்தப் படத்தில் ஒன்றுமே விழவில்லை என்றால், அதை எதற்கய்யா உலையில் போட்டான்?